புள்ளி மூன்று எட்டு மில்லிமீட்டர்

இயற்பியல் ஆசிரியை என்றால் அளவு விஷயத்தில் கறாராக இருப்பாள் என்று ஊரில் நினைக்கிறார்கள். காய்கறிக் கடைக்காரர்கூட என் கண் முன்னால் தராசை இரண்டு முறை சரிபார்ப்பார். என் ஆய்வகத்தின் லட்சணம் அவருக்குத் தெரியாது.

கீரப்பாளையத்தை அடுத்த ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் என்ன விடை வரும் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பேன். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முதலில் கேட்பதே அதைத்தான். பிள்ளைகளுக்கும் அந்த விடைகள் மனப்பாடம், முந்தைய வருடத்து அக்காக்களின் ரெக்கார்டு நோட்டில் எல்லாம் இருக்கும். விடை தெரிந்தால் போதும், பின்னாலிருந்து கணக்குப் போட்டு அளவீடுகளை எழுதிவிடலாம். அடுப்பே பற்றவைக்காத சமையல். எனக்கு எல்லாம் தெரியும், கண்டும் காணாமல் இருந்தேன். நாற்பது பிள்ளைகளுக்குக் கம்பியின் விட்டம் அளக்க இரண்டே திருகு அளவி, அதில் ஒன்று துருப்பிடித்து இறுகிப்போனது. வாயிருந்தும் ஊமையாகிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வகுப்பில் சேத்தியாத்தோப்பிலிருந்து பேருந்தில் வரும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா கடைத்தெருவில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர். எழுத்துத் தேர்வில் நடுத்தரம்தான். பொறியியல் கலந்தாய்வுக்குச் செய்முறையைத்தான் நம்பியிருந்தாள். "இதுல ஒரு மார்க் போனாலும் கட்-ஆஃப்ல இடிச்சிடும் மிஸ்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அவள் அளப்பதை ஒருநாள் சும்மா நின்று பார்த்தேன். கம்பியின் கோணலை விரலால் நீவி நேராக்கினாள். அளவியின் இரு முகங்களையும் துப்பட்டா நுனியால் துடைத்தாள். கம்பி இல்லாமலேயே ஒருமுறை மூடி, சுழிப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கம்பியை வைத்து, டிக் டிக் என்று சத்தம் வரும்வரை நுனித் திருகை மட்டும் மெதுவாகத் திருகினாள். ஒரே இடத்தில் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி ஒருமுறை. ஆறு இடங்களில் இப்படி. இவ்வளவையும் நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன், யாரும் செய்து பார்த்ததில்லை.

"எதுக்குடி இவ்ளோ மெனக்கெடுற?"

"கம்பி கேஜ் பாக்காம காயில் கட்டுனா மோட்டாரு பொகஞ்சிடும் மிஸ். எங்கப்பா பாத்துட்டுத்தான் கட்டுவாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்புதான்.

மாதிரித் தேர்வில் அவளுக்கு மீட்டர் சமனச் சுற்று, ஒரு கம்பியின் மின்தடை எண்ணைக் கண்டுபிடிக்கும் சோதனை. கம்பியின் விட்டம் 0.38 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாள். என் பட்டியலில் 0.46. சிவப்பு மையில் வட்டம் போட்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

பொதுத்தேர்வுக்குக் கடலூர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு சார் தேர்வாளராக வந்தார். சீட்டுக் குலுக்கியதில் நான்கு பேருக்கு அதே சமனச் சுற்று விழுந்தது. அவளும் அந்த நால்வரில் ஒருத்தி. மூன்று தாள்களில் 0.46, அவள் தாளில் மறுபடியும் 0.38. தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

"என்னம்மா, இது தப்பா இருக்கே? டைம் இருக்கு, மாத்திக்கிறியா?"

மாற்றினால் முழு மதிப்பெண். மாற்றித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

"நான் அளந்தது இதான் சார். வேணும்னா நீங்களே ஒரு தடவ அளந்து பாருங்க."

தாளை அவள் கையில் எடுக்கவில்லை. தேர்வாளர் என்னைப் பார்த்தார். திருகு அளவியை நான் கையில் எடுத்தேன். எடுத்து எத்தனை வருடமாயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. டிக் டிக் என்றது. குனிந்து படித்தேன். 0.38.

அப்போதுதான் உறைத்தது. போன மழைக்காலத்தில் பழைய கம்பி அறுந்துபோய், சிதம்பரத்தில் ஒரு கடையில் நானே புதிது வாங்கி வந்திருந்தேன். கடைக்காரர் அதே கம்பிதான் என்றார். நான் அளந்து பார்க்கவில்லை, பட்டியலையும் திருத்தவில்லை. அன்றிலிருந்து ஒரு வகுப்பே இல்லாத கம்பியை அளந்து எழுதியிருக்கிறது, நானும் சரி போட்டிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள், நானும்தான். ஒரு நொடி தயங்கினேன், மறைக்க மாட்டேன். பிறகு சொன்னேன்: "சார், அவ எழுதினதுதான் சரி. என் லிஸ்ட்டு தப்பு. மத்த மூணு பேரும் நான் குடுத்தத நம்பி எழுதிட்டாங்க."

அவர் நல்ல மனிதர். பேனாவை மூடினார். "டைம் இருக்குல்ல மேடம், மூணு பேரும் திரும்ப அளக்கட்டும்" என்றார். மூவரும் அளந்தார்கள். ஒருத்திக்கு அளவியை எந்தப் பக்கம் திருகுவது என்றே தெரியவில்லை. தலை குனிந்து நின்றது அவளல்ல, நான்.

காயில் கட்டுபவர் மகளுக்கு முழு மதிப்பெண். கையெழுத்துப் போடும்போது என் மனசு நிறைந்திருந்தது. இந்த வேலையில் இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையை அண்ணாந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாடல் எக்ஸாம்லயே எங்கிட்ட வந்து சொல்லிருக்கலாம்லடி?"

"சொன்னேன் மிஸ். ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன். மூணு தடவ அளந்துட்டேன் மிஸ், முப்பத்தெட்டுதான் வருதுன்னேன். நீங்க பேப்பர் திருத்திக்கிட்டே, சரி போன்னீங்க."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். எவ்வளவு யோசித்தும், அவள் வந்து நின்றது எனக்கு நினைவுக்கு வரவில்லை.