டீக்கனார் வீட்டுச் சாரை

எங்கள் சபையின் டீக்கன் ரசலையனுக்கு 1952ஆம் ஆண்டில் நாற்பத்தொன்பது வயது. மூன்று கோட்டை விதைப்பாடு வயல், ஒரு ஜோடி காளை, மனைவி நேசபாய், மகள் கிரேசி. இவர்களோடு மச்சில் ஒரு சாரைப்பாம்பு. நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்துக்கு மேலே அது ஒன்பது வருஷமாகக் குடியிருந்தது. கடைசியாக அது உரித்துப் போட்ட சட்டையை நானே அளந்தேன்: ஆறடி ஒன்பது அங்குலம்.

அந்தப் பாம்பைப் பற்றி ஊரில் மூன்று கட்சி. பக்கத்து வீட்டுப் பொன்னுலிங்கம் அதை நாகராஜாவின் உறவு என்று நம்பி, வேலி மூலையில் சிரட்டையில் பால் வைப்பார். பாலைப் பூனை குடித்துவந்தது. சபைப் பெண்களோ, ஏவாளைக் கெடுத்த வகையறா என்றார்கள். ரசலையனுக்கு இரண்டும் சம்மதமில்லை.

"எலி பிடிக்கி, கூலி கேக்கல்ல. வேற என்ன வேணும்?" என்பார். ஆனாலும் பிரசங்கத்தில் ஏதேன் தோட்டம் வந்தால் அவருக்கு இருமலும் வந்துவிடும்.

கிரேசிக்கு வந்த முதல் சம்பந்தம் இந்தச் சாரையால்தான் முறிந்தது. மாப்பிள்ளையின் மாமா அண்ணாந்து பார்த்தபோது உத்தரத்திலிருந்து வால் தொங்கிக்கொண்டிருந்தது. மனிதர் காப்பியைத் தொடாமலே வண்டி ஏறிவிட்டார். ஆகவே குழித்துறை வாத்தியார் மாப்பிள்ளைக்குப் பெண் கேட்டு ஆள் வந்ததும், நேசபாய் பேச்சைச் சுருக்கினாள்.

"பாம்பு போணும். இல்லேங்கி நான் எனக்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"அது ஒருத்தரையும் கடிச்சதில்லையேட்டி."

"ஒங்க மவளுக்க கல்யாணத்தைக் கடிச்சாச்சே!"

மார்ச் 29, சனிக்கிழமை காலை, ரசலையன் அதைச் சாக்கில் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பழையாற்றுக்குப் புறப்பட்டார். பொன்னுலிங்கம் வழி மறித்தார்.

"டீக்கனாரே, சாக்குல என்னவே?"

"சேனைக்கிழங்கு."

"கிழங்கு நெளியுதே?"

"நல்லா விளைஞ்ச கிழங்கு வே."

ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுத் திரும்பினார்.

அறுவடை முடிந்து வயல் காலியாகிக் கிடந்த சமயம் அது. எலிகள் வீட்டுக்குள் வந்தன. பத்தாயத்தின் மூலைப் பலகை, கிரேசியின் வேதாகம அட்டை, டீக்கனாரின் வலது செருப்பு என்று வரிசையாகத் தின்றன.

ஏப்ரல் 26ஆம் தேதி மாப்பிள்ளையின் தாய் ராகேல் வந்தார். சபைப் பதிவேடு எழுதுகிறவன் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். நேசபாய் முந்திரிக்கொத்துப் பலகாரம் வைத்திருந்த ஓலைப்பெட்டியைத் தூக்கினாள். பெட்டிக்கு அடிப்பாகம் இல்லை. முந்திரிக்கொத்து உருண்டோடியது, கூடவே எலிகள் மூன்று. ஒன்று ராகேலின் பாதத்தில் ஏறி இறங்கியது.

ராகேல் எழுந்துவிட்டார். "இம்புட்டு எலி ஓடுத வீட்டுல வளந்த பிள்ளைக்கு வீடு பாக்கத் தெரியுமா?"

கிரேசி தலை குனிந்தாள். இரண்டாவது சம்பந்தமும் வாசலை நோக்கி நகர்வதைப் பார்த்து ரசலையன் உடைந்துபோனார்.

"குத்தம் பிள்ளைக்கதில்லம்மா. மச்சுல ஒரு சாரை கிடந்து. நீங்க பயப்படுவீங்கண்ணு நான்தான் ஆத்துக்கு அக்கரையில விட்டேன். சேனைக்கிழங்குண்ணு பொய்யும் சொன்னேன்."

ராகேல் மெல்ல உட்கார்ந்தார். "எவ்வளவு நீளம்?"

நான் சொன்னேன்.

"எங்க வீட்டுல கிடக்கது அவ்வளவு வராது" என்றார் ராகேல், கொஞ்சம் வருத்தத்தோடு. "மாப்பிள்ளை வீடு பாக்க வருவீங்கண்ணு, அதை நாளைக்குக் கொண்டு விடச் சொல்லியிருக்கேன்."

"ஐயோ, விட்டுராதீங்கம்மா!" என்று கத்தியது நேசபாய்தான்.

எலி வாய் படாத முந்திரிக்கொத்து ஒன்றைத் தேடி எடுத்து ராகேல் கடித்தார். கல்யாணம் மே 22, வியாழக்கிழமை நடந்தது.

ஜூன் 9ஆம் தேதி உத்தரத்தில் மறுபடியும் ஒரு வால் தொங்கியது. பழைய ஆள்தான் திரும்பி வந்திருக்கிறது என்று ரசலையன் ஊரெல்லாம் சொன்னார். நான் அபிப்பிராயம் சொல்லாமல் காத்திருந்தேன். செப்டம்பர் 3ஆம் தேதி அது சட்டை உரித்தது. அளந்தேன்: ஆறடி இரண்டு அங்குலம். ரசலையனிடம் காட்டினேன்.

"அலைச்சல் வே" என்றார் அவர். "அம்புட்டுத் தூரம் வந்தா ஆளு இளைக்காதா?"