கிறவல் றோட்டில் பத்மா அக்கா

பத்மா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஹம்பேர்க் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். அழைத்தது அவருடைய மகன் பிரவீன். அழுது ஓய்ந்தபின் ஒன்று கேட்டான்.

"அன்ரி, மாமா யாழ்ப்பாணத்தில இருந்து போன் எடுத்து, அஸ்தியைக் கீரிமலைக் கடலில கரைக்க அனுப்பச் சொல்றார். எனக்கு அம்மா இஞ்ச பீலெஃபெல்ட்டில இருக்கவேணும். அவ உங்களுக்கு ஏதும் சொன்னவவோ?"

சொல்லியிருந்தார். ஆனால் உலகத்தின் மறுகோடியில், சிரித்துக்கொண்டு சொன்னது. அதை நம்பி ஒரு முடிவைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

ஜேர்மனியில், பீலெஃபெல்ட்டில் பஸ் ஓட்டியவராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் சரளைக்கல் பரவிய கிறவல் றோட்டில் ஓட்டியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கல்லாகிப்போன எலும்பு, சிப்பி என்றால் உயிரை விடுகிற மனுசி. பென்ஷன் எடுத்த கையோடு, அவுஸ்திரேலியாவுக்குப் போய் டைனோசர் கிடந்த இடங்களைப் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். துணைக்கு நான். ஏன் ஒத்துக்கொண்டேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் தார் றோட்டு முடிந்தது. அதற்குப் பிறகு சிவப்பு மண்ணும் சரளைக்கல்லும். தகரக் கூரைபோல வரிவரியாய் மேடுபள்ளம். ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கியது.

"பிரேக்கைப் பிடியுங்கோ அக்கா! ஐயோ முருகா!"

"பிரேக் பிடிச்சால் பிரளும். நீ முருகனைக் கூப்பிடு, எனக்கு ஓட்டச் சொல்லித் தராதை."

அக்ஸிலறேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தார், வண்டி தானாக நேரானது. என்ன சிரிப்புச் சிரித்தார்! எனக்கு வந்த கோபத்தில் அடுத்த பெற்றோல் நிலையம் வரை கதைக்கவில்லை. அவர் கட்டிக்கொண்டு வந்த பாணையும் சம்பலையும் மட்டும் சாப்பிட்டேன்.

புதைபடிவம் தேடுவதற்கு ஆட்களை விடுகிற ஒரு வெட்டைவெளியில், கொளுத்தும் வெயிலில், அக்கா ஒரு சிப்பியைத் தட்டி எடுத்தார். ஒருகாலத்தில் அங்கே கடல் இருந்ததாம். அதை உள்ளங்கையில் வைத்துத் தடவியபடி சொன்னார்:

"இஞ்ச பார் சாந்தி. கடலே எழும்பிப் போயிட்டுது, இது விழுந்த இடத்தில கிடந்து கல்லாகியிருக்கு. நானும் அப்பிடித்தான். பிரவீன் இருக்கிற ஊரிலதான் கிடப்பன். ஒருத்தரும் என்னைக் கட்டித் தூக்கிக்கொண்டு கீரிமலைக்கு ஓடக்கூடாது."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. எனக்கெண்டால் ஊர்தான்."

"நீ போ. நான் வரமாட்டன்" என்றார். சிப்பியை எடுத்த பள்ளத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். வாயில் சிரிப்பு இருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் விளையாட்டு இல்லை. அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

செய்தி வந்த மறுநாள் பிரவீனிடம் சொன்னேன். அவனுக்கு ஆறுதல். ஆனால் அக்காவின் தம்பிக்கு, அவனுடைய மாமாவுக்கு, யார் சொல்வது? நானே யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன். வெயில், மண், சிப்பி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழந்தையைப்போலக் கேட்டார்:

"அங்க குளிருமே அக்கா?"

"ஓம் தம்பி, குளிரும். ஆனா பிள்ளை கிட்டவே நிக்கிறான்."

இருவரும் அழுதோம்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது அந்தத் துணிவைத்தான். எத்தனையோ வருடமாகக் கீரிமலைக் கனவோடு இருந்தவள் நான். நேற்று என் மகளைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன்: "என்னையும் இஞ்சயே வையுங்கோ பிள்ளை."