டம்ளருக்கு அடி தெரியணும்

கடைக்குள் எரியும் டியூப்லைட்டை நம்பி நான் ஒரு சேலைகூட வாங்கியதில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் பிடித்து, முந்தியைத் திருப்பிப் பார்த்தால்தான் மனசு ஆறும். வண்ணார்பேட்டைக் கடைகளில் நான் சேலையோடு எழுந்தாலே பணியாள் ஒருவர் வாசல்வரை கூட வருவார், ஓடிவிடுவேன் என்று பயந்தோ என்னவோ. இந்தக் கூத்துக்குப் பயந்தே என் அக்கா என்னோடு துணி எடுக்க வரமாட்டாள்.

அந்த அக்காவுக்குப் போன வருஷம் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டு வருஷமாக ரத்தம் போனதை மூலம் என்று தானே முடிவுகட்டி, நாட்டு மருந்து தின்றிருக்கிறாள், பாவி. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, கூடப்பிறந்தவளும் உள்ள குழாய் விட்டுப் பாத்துக்கிடணுமாம். நாளைக்கே போ" என்றாள். நான் ஒன்பது மாதம் இழுத்தடித்தேன். பயம்தான், வேறென்ன? கடைசியில் அவளே போய்த் தேதி வாங்கிவந்தாள். அது அவள் மகளின் மறுவீட்டு விருந்துக்கு மறுநாள்.

டாக்டரம்மாவிடம் முதல் கேள்வியாக, "எந்த வெளிச்சத்துல பாப்பீங்க?" என்றுதான் கேட்டேன். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போல. சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். குழாயின் முனையில் இருக்கும் கேமராவுக்குச் சாதாரண வெள்ளை வெளிச்சம் உண்டு. பொத்தானை அமுக்கினால் நீலமும் பச்சையும் மட்டும் வரும், மெல்லிய ரத்தக்குழாய்கள் எடுப்பாகத் தெரியும். நீலச் சாயத்தைத் தெளித்து மேடுபள்ளம் பார்ப்பதும் உண்டு. சந்தேகப்பட்ட இடத்தில் கம்ப்யூட்டரே கட்டம் போட்டுக் காட்டும் வசதியும் வந்திருக்கிறது, ஆனால் அவரிடம் இல்லை.

"இருக்கது எல்லாத்தையும் போட்டுப் பாத்திருங்கம்மா."

"எதைப் போட்டாலும் குடல் சுத்தமா இருக்கணும். அது உங்க கையில இருக்கு."

நர்ஸ் இன்னும் கறாராகச் சொன்னாள். முந்தின நாள் தெளிந்த பானம்தான் குடிக்கலாம், இளநீர், வடிகட்டின எலுமிச்சைச் சாறு இப்படி. "ஊத்தினா டம்ளருக்கு அடி தெரியணும், அதான் கணக்கு."

மறுவீட்டில் தேங்காய்ப்பால் குழம்பான சொதி. முதல் பால் ஊற்றி இறக்கும்போது வந்த வாசனை மண்டபத்து வாசல்வரை வந்தது. எனக்கு முன்னால் இளநீர். அக்கா பந்தியைக் கவனிப்பதைவிட என்னைத்தான் அதிகம் கவனித்தாள். சம்பந்தி வீட்டாரை வழியனுப்ப அவள் போன நேரம் பார்த்து அடுப்படிக்குள் நுழைந்தேன். சமையல்காரர் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். எவர்சில்வரில் யாருக்கு அடி தெரியும்? குடிக்கிற பொருள்தானே என்று மடக் மடக்கென்று குடித்தேன். அடியில் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு கிடந்தது. அதை வீணாக்க மனசு வரவில்லை.

சாயங்காலம் பேதி மருந்து குடித்து என்ன பாடுபட்டேன் என்பதை எழுதினால் நீங்கள் சாப்பிட முடியாது. மறுநாள் லேசான மயக்கத்தில் படுத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். வெள்ளை வெளிச்சத்தில் ஒரே கலங்கலாக இருந்தது. நம் புத்தி சும்மா இருக்குமா? "அந்த நீலத்தைப் போடுங்க" என்றேன். போட்டார். அங்கங்கே தேங்கி நின்றதெல்லாம் செக்கச்செவேல் என்று ஆனது.

"ஐயோ, ரத்தம்! எக்காவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டே!"

"ரத்தம் இல்லம்மா. மிச்சமிருக்க கழிவுத் தண்ணி இந்த வெளிச்சத்துல சிவப்பாத்தான் தெரியும்." பிறகு கேமராவை ஓரிடத்தில் நிறுத்தினார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"இளநீர்."

"இளநீருக்குள்ள முருங்கை விதை எப்படி வந்துச்சு?"

திரையில் என் விதை அவ்வளவு பெரிதாகக் கிடக்கும்போது என்னத்தைச் சொல்ல? "சொதி" என்றேன். எத்தனை டம்ளர் என்று கேட்டார். ரெண்டு என்று அதையும் சொல்லித் தொலைத்தேன். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

எவ்வளவோ தண்ணீர் பீச்சிக் கழுவியும் தெளியவில்லை. "இதை வச்சு ஒண்ணுமில்லன்னு நான் எழுதித் தர மாட்டேன். அடுத்த வாரம் வாங்க" என்றார். வெயிலில் பார்க்காமல் சேலை வாங்காதவள்தானே நான், தலையாட்டிவிட்டு அடுத்த தேதியை வாங்கிக்கொண்டேன்.

அக்கா ஆட்டோவில் வீடுவரை திட்டுவாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என்னிக்கு என்று மட்டும் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த முறை முந்தின நாள் காலையிலேயே பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எவர்சில்வர் டம்ளர்களை எல்லாம் பரணில் ஏற்றினாள். நான் குடிக்கும் ஒவ்வொரு கண்ணாடி டம்ளரையும் வாசலுக்கு எடுத்துப்போய், வெயிலில் தூக்கிப் பிடித்து, அடி தெரிகிறதா என்று பார்த்த பிறகே கையில் கொடுத்தாள்.

இந்தத் தடவை திரை பளிச்சென்று இருந்தது. டாக்டரம்மா கேமராவைப் பைய இழுத்துக்கொண்டே வந்தார். ஒரு மடிப்பின் பின்னால், வெறும் வெள்ளை வெளிச்சத்திலேயே, பச்சரிசி அளவுக்குத் தட்டையாக ஒரு சதை வளர்ச்சி தெரிந்தது. அதன் பிறகுதான் நீலத்தைப் போட்டு உற்றுப் பார்த்தார். "தேடுறதுக்குச் சுத்தமும் பொறுமையும் வேணும். அது இன்னதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த வெளிச்சம்" என்றார். விட்டுவைத்தால் நாளாவட்டத்தில் புற்றாகக்கூடிய ஜாதியாம். கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே எடுத்துவிட்டார்.

"போன வாரமும் இது அங்கனதான் இருந்துச்சா?"

"இருந்திருக்கும். உங்க சொதிக்கு அடியில."

வெளியே அக்கா நின்றுகொண்டிருந்தாள். "ஒண்ணே ஒண்ணுதான், எடுத்தாச்சு. பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க, பயப்பட ஒண்ணும் இல்லைன்னாங்க" என்றேன். எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். பச்சரிசி அளவு என்று விரலால் காட்டினேன்.

என் விரலை இழுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கும் முதல்ல இம்புட்டுத்தான்ட்டி இருந்திருக்கும்" என்றாள்.