மூக்கர் கலந்த ரோஜா ஒயின்

அந்த ஓட்டலில் அவருக்குப் பெயர் மூக்கர். மூக்கு என்னவோ சப்பை மூக்குதான். முகத்தில் எங்கே என்று தேட வேண்டும். ஆனால் அது பார்த்த வேலை பெரிது. ஒயின் பாட்டிலின் தக்கையை உருவி ஒரு தடவை மோந்தால் போதும், "இது கெட்டுப்போச்சு, வேற எடு" என்று சொல்லிவிடுவார். வாயில் வைக்க மாட்டார். பார் கவுன்ட்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் நின்ற மனுஷன். பள்ளிக்கூடம் ஏழாவதோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் மூக்கு சொல்லிக் கொடுத்ததுதான்.

போன குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போயும் போனது. போகிற போக்கில் மணத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. எலுமிச்சையை நறுக்கினால் கையில் ஈரம் இருக்கும், மூக்கில் ஒன்றும் இருக்காது. நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு இந்த நாலும் தெரிந்தன, அவ்வளவுதான். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இது என்ன பஸ்ஸா என்று மூக்கர் நினைத்துக்கொண்டார், கேட்கவில்லை.

யாரிடமும் சொல்லவும் இல்லை. மூக்கு போன மூக்கரை வைத்துக்கொண்டு ஓட்டல்காரன் என்ன செய்வான்? ஐம்பத்திரண்டு வயதில் ஸ்டோர் ரூமுக்கு மூட்டை தூக்க அனுப்புவான். அதனால் பாட்டிலைத் திறந்தால் பழையபடி மோந்தார், பழையபடி தலையை ஆட்டினார். கெட்ட பாட்டில் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

வெயில் தொடங்கியதும் மேனேஜர் அம்மா கவுன்ட்டருக்கு வந்தார்.

"மூக்கண்ணே, மொட்டை மாடியில மேஜை போடப் போறோம். வெயிலுக்கு இதமா, நுரைக்கிற ஒயின்ல பூ வாசனையோட ஒண்ணு பண்ணிக் குடுங்க. முதலாளி அடுத்த வாரம் வந்து குடிச்சுப் பாப்பாரு. அவருக்குப் பிடிச்சா சீசன் பூரா அதுதான்."

"பூவா?"

"பூதான். உங்களை விட்டா இங்க யாருக்குத் தெரியும்?"

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தார். இருந்தாலும், "பண்ணிரலாம்மா" என்றார். வாய் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

ரோஜா சிரப், எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுப் பூவில் இறக்கின பூத்தண்ணீர், மேலே குளிர்ந்த ஒயின். கணக்கு பழசுதான். ஆனால் பூத்தண்ணீர் பொல்லாதது. சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முன்பெல்லாம் கை சாயும்போதே மூக்கு "போதும்" என்று சொல்லிவிடும். இப்போது சொல்ல ஆளில்லை. கை பாட்டுக்குச் சாய்ந்தது.

ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று ஒரு சர்வர் உண்டு. அவனை எல்லாரும் ஒட்டடை என்றுதான் கூப்பிடுவார்கள். அவனிடம் ஒரு வாய் கொடுத்தார்.

"எப்படிடா?"

"சூப்பர்ண்ணே. நீங்க கலந்தா கேக்கணுமா?"

சமையல்காரரும் குடித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மூக்கருக்குத் தெம்பு வந்தது. மூக்கு போனால் என்ன, கைப்பழக்கம் போகுமா? இரண்டு நாள் மாடியில் சும்மா பரிமாறிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், ஐஸ் வாளியை எடுக்கப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனார். அங்கே கிளாஸ்கள் முக்கால்வாசி நிறைந்து வரிசையாக நின்றன. ஒட்டடை ஒவ்வொன்றாகத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"எதுண்ணே?"

"உன் கையில இருக்கறது."

"வெயில் ஜாஸ்திண்ணே... குடிக்க முடியலையாம்."

"வெயிலுக்குக் குடிக்கத்தான்டா அதைப் பண்ணினேன்!"

ஒட்டடை தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்க. எனக்கு முதல் வாயே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. நீங்க மோந்து பாத்து வச்சதாச்சே, என் நாக்குலதான் கோளாறுன்னு விட்டுட்டேன். சமையல்காரரும் அப்படித்தான் நெனச்சாராம்."

மூக்கர் வாளியை எடுக்காமலே திரும்பினார். இருபத்தாறு வருடம் சேர்த்த பேர், ஒருத்தன் வாயையும் திறக்க விடாமல் பண்ணியிருக்கிறது. திட்டுவதென்றால் யாரைத் திட்டுவது?

அந்தக் கலவையில் கொஞ்சத்தை ஒரு குட்டிப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டு போனார். அவர் சம்சாரம் இரண்டு தெரு தள்ளி சலவைக்கடை வைத்திருக்கிறவர். ஊரார் சட்டைக் காலரை மோந்து, எதை ஊறப் போடுவது, எதை அலசினால் போதும் என்று பிரிக்கிற மூக்கு. மூடியைத் திறந்ததுதான் தாமதம், அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, புதுச் சோப்பு பிரிச்சீங்களா?"

மூக்கர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இது சோப்பு இல்லடி. முதலாளிக்குக் கலந்தது. எனக்கு மணமே தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியல."

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"போன மாசம் அடுப்புல பால் தீஞ்சு, எதிர்வீட்டுக்காரி ஓடி வந்து கதவை இடிக்கிறா. நீங்க அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்டி."

"என்கிட்ட சொன்னா எந்த வேலை போகும்?"

மூக்கர் குட்டிப் பாட்டிலைத் திருகி மூடினார்.

மறுநாள் அவருக்கு லீவு. சமையலறை மேஜையில் கடை விரித்தார். ரோஜாவை எதிர்வீட்டுக்காரியின் மாடித் தொட்டியிலிருந்து கேட்டு வாங்கினார். பூக்கடை ரோஜா ஆகாது, மருந்தடித்திருப்பார்கள். ஒவ்வொரு இதழின் அடியிலும் வெள்ளையாக ஒரு நகக்கண் அளவு இருக்கும், அது கசப்பு. அவரும் சம்சாரமும் உட்கார்ந்து அதை நறுக்கி எறிந்தார்கள். சர்க்கரைப் பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், கொஞ்சம் ஆறவிட்டு இதழ்மேல் ஊற்றி மூடி வைத்தார். மத்தியானம் திறந்தால் பழுப்பாக அழுக்குத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

"சாயம் போன வேட்டியை ஊறப் போட்ட மாதிரி இருக்கு," என்றார் சம்சாரம்.

"பொறு." எலுமிச்சை பிழிந்தார். பாகு பளிச்சென்று சிவந்தது.

"அட!"

அதற்கப்புறம்தான் வம்பு. "ஒயினை ஊத்துறேன், மோந்து சொல்லு."

"அந்தக் கண்றாவியை நான் வாயில வைக்க மாட்டேன்."

"வாய் வேணாம், மூக்கைக் குடு. வாய் என்கிட்ட இருக்கு."

"அது ஊருக்கே தெரிஞ்ச கதைதானே."

இனிப்பு, புளிப்பு அவர் நாக்குப் பொறுப்பு. மணம் சம்சாரத்தின் பொறுப்பு. ஒரு சொட்டுப் பூத்தண்ணீர் விட்டால், "எங்கேயோ தூரத்துல." இரண்டு சொட்டு விட்டால், "இப்ப தோட்டத்துக்குள்ள வந்தாச்சு." மூன்று விட்டால், "சோப்பு! நிறுத்துங்க." இரண்டு என்று முடிவானது. அடியில் சிரப், கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஒயின், நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தூக்கு. கலக்கு கலக்கென்று கலக்கினால் நுரை செத்துப்போகும்.

முதலாளி வந்த அன்று சாயங்காலம் நாலு மணி. மாடியில் குடை விரித்த மேஜை. மேனேஜர் அம்மா பக்கத்தில் நின்றார். முதலாளி ஒரு வாய் குடித்தார், பேசாமல் இன்னொரு வாய் குடித்தார், மூன்றாவதில் கிளாஸைக் காலி பண்ணினார்.

"உங்க மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும்யா," என்று சிரித்துவிட்டு, பையிலிருந்து இரண்டு சின்னப் பாட்டில்களை எடுத்து வைத்தார். "வெளியூர்ல வாங்கினேன். மல்லிகைத் தண்ணி. ரெண்டுல எது ஒசத்தி? மோந்து சொல்லுங்க, அதையும் இதுல சேத்துருவோம்."

மூக்கர் இரண்டையும் கையில் எடுத்தார். மூடியைத் திறந்தார். இரண்டிலும் ஒன்றுமில்லை, தண்ணீர்தான். குருட்டாம்போக்கில் ஒன்றைக் காட்டியிருக்கலாம். காட்டினால் யாரும் மறுக்கப் போவதில்லை. அதுதான் பயமாக இருந்தது. நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லி இந்த சீசன் பூராவையும் தொட்டியில் ஊற்றுவார்கள்.

"எனக்கு மணம் தெரியாதுங்க," என்றார். "குளிர்காலத்துலயே போயிருச்சு."

மேனேஜர் அம்மா வாயில் கை வைத்தார். முதலாளி காலிக் கிளாஸைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"நாக்கு என்னுது. மூக்கு என் சம்சாரத்துது."

முதலாளி, "அவங்களைக் கூப்பிடுங்க" என்றார். மூக்கர் போனை அடித்து, இரண்டு பாட்டில் விஷயத்தைச் சொல்லி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தார்.

"கடையில நாலு பேரு நிக்கிறாங்க," என்றது போன். "அவருக்கு வேணும்னா பாட்டிலை இங்க கொண்டாரச் சொல்லுங்க."

முதலாளி எழுந்து இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, "வழி காட்டுங்க" என்றார்.

சலவைக்கடையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. சம்சாரம் கையைத் துடைத்துக்கொண்டு முதல் பாட்டிலை மோந்தார். "இதுல பூவே இல்லைங்க. பூ படம் போட்ட பவுடர் டப்பா." அடுத்ததை மோந்தார். "இது பூதான். வாடி ரெண்டு நாளாச்சு."

"ரெண்டும் நான் வாங்கினதும்மா."

"ஏமாத்திட்டாங்க ஐயா. இருக்கறதோட விடுங்க, அது நல்லாத்தான் இருக்கு."

முதலாளி பாட்டில்களை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார். பாதி வழியில் சொன்னார். "ரோஜா ஒயின் சீசன் பூரா இருக்கட்டும். கவுன்ட்டர்ல நீங்களே நில்லுங்க. ஆனா பாட்டில் திறந்து மோந்து பாக்குற வேலையை ஒட்டடைக்குக் குடுத்துருங்க."

நியாயம்தான். நியாயம் என்பதற்காகச் சுருக்கென்று குத்தாமல் இருக்குமா? "சரிங்க," என்றார்.

மாடியில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆறு கிளாஸ் கேட்டார்கள். மூக்கர் ஐஸிலிருந்து ஒயினை எடுத்து, கிளாஸைச் சாய்த்து ஊற்றி, கரண்டியால் ஒரு தூக்கு தூக்கினார். தட்டை எடுக்கப் போன ஒட்டடையை நிறுத்தினார்.

"ஒண்ணை மோந்து பாத்துட்டுப் போ."

"எதுக்குண்ணே?"

"எனக்குத் தெரியாதுடா. அதான் கேக்கறேன்."

ஒட்டடை நெடுமரம் சாய்கிற மாதிரி குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்தான். "முதல்ல எலுமிச்சைண்ணே. அப்புறம் ரோஜா. அதுக்கும் அடியில என்னவோ ஒண்ணு... பேரு வரல."

"பேரு கிடக்கட்டும். உறுத்துதா?"

"இல்லண்ணே."

"அப்ப எடுத்துட்டுப் போ, நுரை அடங்குறதுக்குள்ள."