கவுதாரிகள் பறந்த சனிக்கிழமை

எங்கள் வேட்டை சின்னது. எட்டுத் துவக்கு, சுடுவதற்கு எட்டுப் பேர். மார்க்கம் நகருக்கு வடக்கே குத்தகைக்கு எடுத்த ஒரு பண்ணை, அதில் ஒரு மேடு, மேட்டின்மேல் சோளம், கீழே புல்வெளி. துவக்குக்காரர் புல்வெளியில் வரிசையாக நிற்பார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் மேட்டின் பின்பக்கத்திலிருந்து தடியால் சோளத்தைத் தட்டிக்கொண்டு நடந்து வருவோம். பறவைகள் எழும்பி அவர்களுடைய தலைக்கு மேலாகப் பறக்கும். உயரத்தில் பறப்பதைத்தான் சுடலாம். தரையில் ஓடுவதைத் தொடக்கூடாது. மல்வேர்னில் எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி இதைக் கேள்விப்பட்டு, "வெடிச்சத்தம் வேண்டாமெண்டு ஓடி வந்த சனம், இஞ்ச வந்து ஆசைக்கு வெடி வைக்கிறியளோ?" என்று கேட்டா.

வேட்டையை நடத்துபவர் என் அண்ணன். பறவைகள் தங்கச்சியான என் பொறுப்பு. பிறம்ரனில் கிடங்கு வேலை செய்து இடுப்புப் போய் நான் வீட்டில் இருந்த காலத்தில், "சும்மாதானே இருக்கிறாய், குஞ்சுகளைப் பார்" என்று அண்ணன் தந்தது அது. இரக்கப்பட்டுத்தான் தந்தார். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூன்றே வருடத்தில் ஒரு குஞ்சு கழுத்தைச் சாய்க்கிற விதத்தைப் பார்த்தே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

அதுவரை நாங்கள் விட்டது பெசன்ற் மட்டும்தான், நீண்ட வாலுள்ள காட்டுக்கோழி. அழகான பறவை, ஆனால் மண்டையில் ஒன்றுமில்லை. எல்லாம் ஒரே மரத்துக்கு மேலாகத்தான் பறக்கும். இரண்டாவது வேட்டையிலேயே துவக்குக்காரர் கொட்டாவி விடத் தொடங்கிவிடுவார்கள். கவுதாரி விடுவோம் என்று சொன்னது நான்தான். ஊர்க் கவுதாரி அல்ல. சிவந்த சொண்டும் சிவந்த காலும், கண்ணுக்கு மை இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடுமாக, இங்கே சக்கர் என்று சொல்கிற இனம். கூட்டமாக எழும்பி நாலு பக்கமும் சிதறிப் பறக்கும் என்று வாசித்திருந்தேன்.

"உது பறக்காது பிள்ளை. உது ஓடித் திரியிற சாமான்" என்றார் அண்ணன்.

"பறக்க வைக்கிறது என்ர வேலை."

"சரி, இந்த முறை பாப்பம். சரிவரேல்லையெண்டா பறவைப் பொறுப்பை விடு. வளந்த பெசன்ற்றை வெளியில காசுக்கு வாங்குவம்."

ஓம் என்றேன். அன்றைக்கே அறுபது கவுதாரிக் குஞ்சு வாங்கச் சொல்லிவைத்தேன்.

கோடை முழுவதும் அந்த அறுபது குஞ்சுகளோடுதான் இருந்தேன். காலையில் தண்ணீர், மத்தியானம் தீன், மழை வந்தால் ஓடிப்போய்க் கூட்டை மூடத் தறப்பாள். புரட்டாதியில் கூட்டைத் திறந்து சோளத்துக்குள் விட்டேன். ஐந்தாறை மட்டும் கூட்டிலேயே வைத்துக்கொண்டேன். உள்ளே இருப்பவை கத்தும், வெளியே போனவை அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தூரம் போகாது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன், ஒன்றைத் தவிர. எங்கள் ஆட்களுக்குக் கோழிக்குத் தீன் போடும்போது "பா... பா... பா..." என்று கூப்பிடாமல் போடத் தெரியாது. கை எறிந்தால் வாய் தானாகக் கூப்பிடும். மூன்று மாதமும் நான் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

முதல் வேட்டையன்று பண்ணையின் சொந்தக்காரரான வெள்ளைக்காரக் கிழவரையும் அண்ணன் விருந்தாளியாக அழைத்திருந்தார். விசில் ஊதியதும் தடியைத் தட்டிக்கொண்டு நடந்தோம். கவுதாரிகள் சோளத்துக்குள் பதுங்கிக் கிடந்தன. பாதித் தூரம் வந்தும் ஒன்றும் எழும்பவில்லை. எனக்குப் பதற்றம். அவற்றை அசைய வைக்க வேண்டும் என்ற அந்தரத்தில் வாய் தன் வேலையைக் காட்டிவிட்டது. "பா... பா... பா..."

வந்தன. எல்லாத் திசையிலிருந்தும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வந்து என் சப்பாத்தைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தன. கீழே எட்டுத் துவக்கும் வெறும் வானத்தைப் பார்த்தபடி நின்றன. நான் மேட்டுச் சரிவில் இறங்கினேன், அவையும் என் பின்னால் இறங்கின. கிழவர் வேலித் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"வாற சனி ஒருக்கா. அதோட முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துவக்கை உறையில் போட்டார்.

அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை வாயை மூடிக்கொண்டு தீன் போட்டுக்கொண்டிருந்தபோது, காற்று என் கையிலிருந்த கடைப் பையைப் பறித்துக்கொண்டுபோய் வேலியில் மாட்டியது. பை படபடத்த அதே கணம் பக்கத்தில் நின்ற பத்துப் பன்னிரண்டு கவுதாரிகள் குபீரென்று எழும்பி மேட்டைத் தாண்டிப் போயின. நான் தீன் வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கலியாண வீட்டுக்கு ஒருமுறை கட்டிவிட்டு அலுமாரிக்குள் போட்டு வைத்திருந்த மூன்று நைலோன் சேலைகளைக் கிழித்து, நீளக் கயிற்றில் சாணுக்கு ஒன்றாகக் கட்டினேன். வெள்ளி பின்னேரம் அந்தக் கயிற்றைச் சோளம் முடிகிற ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு இழுத்துக் கட்டினேன்.

சனி காலை, தட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரே கட்டளை: தடி மட்டும் பேசலாம். எங்கள் சனத்தை இருபது நிமிடம் வாய் திறக்காமல் நடக்க வைப்பது கவுதாரியைப் பறக்க வைப்பதைவிடக் கஷ்டம். ஆனால் செய்தார்கள். நான் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் குந்தியிருந்தேன். இடுப்பு விண்ணென்று வலித்தது.

முதலில் சோளத்தட்டை அசைந்தது. பிறகு சிவப்புக் கால்கள் தெரிந்தன. ஓடி வந்தவை சேலைத் துண்டுகளைக் கண்டு நின்றன, பின்னால் வந்தவையும் சேர்ந்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொறுத்திருந்தேன். அதில் ஒன்று என்னைக் கண்டுவிட்டது. தலையைச் சாய்த்து, தீன் வருமா என்று பார்த்தது. நான் கயிற்றைச் சுண்டினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? மேடே எழும்பியது போல இருந்தது. நாலு, ஐந்து, பிறகு எண்ண முடியாமல், இடமும் வலமுமாகச் சரிவுக்கு மேலே உயர்ந்து போயின. துவக்குக்காரர் எல்லாரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திணறினார்கள். அண்ணன் இரண்டு வெடியும் வைத்தார், ஓர் இறகுகூட விழவில்லை. வரிசை முழுவதற்கும் சேர்த்து ஒன்பதோ பத்தோதான் விழுந்தன. மற்றதெல்லாம் அந்தப் பக்கத்துப் பைன் காட்டுக்குள் போய்விட்டன. நான் புல்லில் இருந்தபடியே சிரித்தேன், அழுதேன். என் பறவைகள் பறந்துவிட்டன. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் செய்த எதைப் பார்த்தும் அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

விழுந்ததில் முதலாவதைத் தூக்கியபோது உடம்பு இன்னும் சூடாக இருந்தது. இறகை ஒருமுறை தடவினேன். ஆனாலும் வளர்த்தது இதற்குத்தான், அதை மறைத்துப் பேசுகிற ஆள் நான் இல்லை. அன்றைக்கே உரித்துக் கறி காய்ச்சினேன், நானும் சாப்பிட்டேன்.

வேட்டை முடிந்ததும் கார்களுக்குப் பக்கத்தில் எல்லோரும் இறைச்சி ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நின்றார்கள். கிழவர் என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார். அண்ணன் கோப்பையோடு என்னிடம் வந்தார்.

"அடுத்த வருசத்துக்கு இருநூறு குஞ்சுக்குச் சொல்லட்டே?" என்றார்.

"அதை நீங்கள் சொல்லேலாது அண்ணை. எத்தனை, எந்த இனம், எப்ப விடுறது எண்டு நான்தான் சொல்லுவன்."

மற்றத் துவக்குக்காரர் ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"ஓம்" என்றார். "நீ சொல்லு."