பூதத்தான் மிஸ்திரியின் காது

என்ஜினுக்குள் விட்டெடுத்த அளவுகம்பியில் ஒட்டிவந்த ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, வெயிலில் விரித்துப் பார்ப்பார் பூதத்தான். பேரிங் தேய்ந்து உதிர்ந்த செம்புப் பொடி மினுங்கினால் காறித் துப்புவார். நேற்று துப்பினார்.

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை, அதுதான் ஒர்க்‌ஷாப். மாட்டுங்காவில் நாங்கள் ஏறும் டாக்சிகளில் பாதி இவர் பிரித்துப் பூட்டியவை. சிலிண்டரின் மேல்விளிம்பில் சுண்டுவிரல் நகத்தை ஓட்டுவார். நகம் எங்கே தட்டுகிறதோ அதை வைத்தே தேய்மானத்தைச் சொல்லிவிடுவார். அப்புறம் மைக்ரோமீட்டரை எடுப்பது, “டாக்சிக்காரன் நம்பணும்லா, அதுக்கு.”

நீளத் திருப்புளியின் நுனியை ஓடும் என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொள்வார். அப்போது பக்கத்துக் கடை ரேடியோ பாடக்கூடாது. பாடினால் வசவு, அதுவும் திருநெல்வேலித் தமிழில், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி. ‘மதராசிகளே வெளியேறுங்கள்’ என்று சுவரெல்லாம் எழுதிக்கிடக்கும் இந்த வருஷம், வெளியே தமிழில் உரக்கப் பேசவே எங்களுக்கெல்லாம் பயம். அவர் கத்தும்போது நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று வந்தது கணேசபாண்டியனின் டாக்சி.

“ஆயில் லைட்டு எரிஞ்சிச்சால?”

“எரியவே இல்ல அண்ணாச்சி.”

பூதத்தான் குனிந்து தேடினார். அந்த விளக்குக்குப் போகும் வயரைப் பிடுங்கி, நுனியில் துணி சுற்றிவைத்திருந்தது.

“இது யாரு வேல?”

“செகப்பா எரிஞ்சா சவாரி பயப்படுதான். ‘க்யா ஹுவா, க்யா ஹுவா’ன்னு, என்னாச்சுன்னு கேட்டே உயிர எடுக்கான்.”

“ஒம் புள்ள அழுதா வாயில துணிய அடைப்பியோ? ஆயில் பிரஷர் இல்லன்னு அது கெடந்து கத்துது, நீ அதுக்கு நாக்க அறுத்திருக்க!”

திருப்புளியை ஊன்றிக் கேட்டார். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் தொம், தொம் என்று கனத்த சத்தம். என்ஜினை அணைக்கச் சொன்னார்.

“கிராங்க் பேரிங் போயிட்டு.”

கணேசபாண்டியன் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். பளபளக்கும் அட்டைப் பெட்டியை நீட்டினான். உள்ளே பேரிங் ஷெல்கள், கிராங்க் தண்டைக் கவ்விப் பிடிக்கும் அரைவட்டத் தகடுகள்.

“புதுசு அண்ணாச்சி. இன்னிக்கே மாட்டிருங்க. நாளைக்குப் பூனா சவாரி. ஒரு கல்யாணத்துக்கு, அஞ்சு பேரு.”

பூதத்தான் ஒரு ஷெல்லை எடுத்துப் பிளேடால் சுரண்டினார். வெள்ளைப் பூச்சு உரிந்து, அடியில் பழைய கீறல்கள் தெரிந்தன.

“பெட்டியப் பாத்து வாங்கினியா, உள்ள பாத்து வாங்கினியா? குப்பையில கெடந்தத எடுத்து ஈயம் பூசிக் குடுத்திருக்கான், களவாணி. நெசமாவே புதுசா இருந்தாலும் இது சேராதுல. போன தடவ கிராங்கச் சாணை புடிச்சோம். அது சிறுத்துப் போச்சு; தடிச்ச ஷெல்லு வேணும். இனி என்ஜின எறக்கி அளந்தாத்தான் எந்தச் சைசுன்னு நானே சொல்ல முடியும். நாலு நாளாவும்.”

“அப்பம் ஒண்ணும் மாத்தாண்டாம். நாளைக்கு மட்டும் மெதுவா ஓட்டிட்டுப் போயிட்டு வந்துருதேன்.”

“பூனா போற வழியில கண்டாலா மலை ஏத்தத்துல என்ஜின் இறுகி நிக்கும். பின்னால லாரி வருவான். அவனும் மெதுவா வருவானால? அஞ்சு உசுருல, அஞ்சு உசுரு!”

“எம் வண்டி. ஒமக்கென்ன வே?”

அதுவரை அண்ணாச்சி என்றவன் ‘வே’ என்றதும், பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கணேசபாண்டியன் கதவை அறைந்து சாத்தி, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான்.

பூதத்தான் திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே ரோட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு. அதில்லாமல் வண்டி கிளம்பாது. அதைப் பிடுங்கிக் காக்கிச் சட்டைப் பையில் போட்டார், பொத்தானையும் மாட்டினார்.