மிஸஸ் பிக்ஸின் எதிர்பார்ப்புகள்

லெனோரா பிக்ஸின் வகுப்பில் முதல் நாள் பிள்ளைகள் கைக்கு வருவது புத்தகம் இல்லை, தாள். நான்கு பக்கம். மேலே கொட்டை எழுத்தில் 'பதினோராம் வகுப்பு, அமெரிக்க இலக்கியம்: எதிர்பார்ப்புகள்' என்று இருக்கும். கீழே பத்தொன்பது விதிகள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஐந்து விதிகள்தான். இருபத்தாறு வருஷத்தில் பிள்ளைகள் புதுப் புதுத் தகிடுதத்தம் செய்து அதைப் பத்தொன்பதாக்கிவிட்டார்கள். வீட்டு நாயை ஒரே வருஷத்தில் மூன்று முறை சாகடித்துக் கட்டுரைக்கு அவகாசம் கேட்ட மகாராஜனால் எட்டாவது விதி வந்தது. நனைந்த நாவலை மைக்ரோவேவில் உலர்த்தப் போய்த் தீ வைத்த புண்ணியவதியால் பன்னிரண்டாவது.

ஓஹாயோவின் தென்கோடியில், நாற்காலித் தொழிற்சாலை மூடியபின் மாத்திரை போதையும் கோழிக்கறிக் கடைகளும் மட்டும் செழித்த ஊர் அது. லெனோராவின் அப்பா அந்தத் தொழிற்சாலையில் நாற்காலிக் கால் கடைந்தவர். சின்ன வயசில் பல் டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று டீச்சர்கள் நடத்தியதை அவள் மறக்கவே இல்லை. அதனால்தான் அவளுக்கு விதிகள் மேல் அத்தனை பிரியம். எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே தராசு. யாரும் யாருக்கும் சலுகை காட்ட முடியாது. அவள் கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்வது நியாயமில்லை. கணவர் டெனிஸ் ஒன்பது வருஷம் இருந்து பார்த்தார். "உன்கூடக் குடித்தனம் பண்றதுக்கும் ஒரு தாள் குடுத்திருந்தா முதல்லயே படிச்சுட்டு ஓடியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு இண்டியானாவுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

நான்காவது விதிதான் அவளுக்குச் செல்லம். தினம் இருபது பக்கம் படிக்க வேண்டும். படித்த பக்கத்தையும் நேரத்தையும் வாசிப்பு அட்டையில் எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பூஜ்யம். நூறில் நாற்பது மார்க் அந்த அட்டைகளுக்குத்தான். கையெழுத்துக் கேட்கப் போனால் அம்மா "என்னடி படிக்கிறே?" என்று ஒரு வார்த்தையாவது கேட்பாள், அந்த ஒரு வார்த்தையில் வீட்டுக்குள் புத்தகம் நுழைந்துவிடும் என்று நம்பிய பைத்தியக்காரி அவள்.

நடந்தது வேறு. வெள்ளிக்கிழமை காலை பள்ளிப் பேருந்தில் இருபது அம்மாக்கள் ஒரே ஊதாப் பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள். லெனோராவுக்குத் தெரியாமல் இல்லை. சந்தேகத்தின் பேரில் யாரைத் தண்டிப்பது என்று கண்டும் காணாமல் இருந்தாள்.

டெஸ்ஸி கோம்ஸ் வந்த வருஷம், வாராவாரம் ஒரே ஒரு அட்டையில் கையெழுத்து இருக்காது. பக்கம், நேரம் எல்லாம் பொடி எழுத்தில் பிசகில்லாமல் நிரம்பியிருக்கும். கடைசிக் கட்டம் மட்டும் காலி.

"டெஸ்ஸி, கையெழுத்து எங்கே?"

"இல்லைங்க, மிஸஸ் பிக்ஸ்."

"அது எனக்கே தெரியுது. அம்மாவுக்கு அஞ்சு செகண்ட் கிடைக்கலையா?"

"அம்மாவுக்கு வேலைங்க."

"அப்பா?"

"அப்பான்னு யாரும் கிடையாதுங்க."

"அப்போ வீட்டுல வேற பெரியவங்க யாராவது போடட்டும்."

டெஸ்ஸி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே, "பூஜ்யமே போட்டுக்குங்க, பரவாயில்லை" என்றாள்.

அந்தப் 'பரவாயில்லை' லெனோராவுக்குச் சுருக்கென்று தைத்தது. பரவாயில்லையாமே! பதினேழு வயசுக்கு என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டு பூஜ்யம் போட்டாள். அப்படி முப்பத்திரண்டு பூஜ்யங்கள் போட்டாள்.

மே மாதக் கடைசியில் பள்ளி ஆலோசகர் பர்டி அவள் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் தன் பெரிய உடம்பைத் திணித்துக்கொண்டார்.

"லெனோரா, அந்த கோம்ஸ் பொண்ணு. அம்பத்தேழுல நிக்குது. தேற அறுபது வேணும்."

"தெரியும்."

"அடுத்த வருஷம் நர்சிங் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைச்சிருக்கு. மொத்தமே பன்னிரண்டு இடம். உங்க பாடத்துல தேறலைன்னா அது போயிடும். மூணு மார்க்குதானே, போட்டுத் தொலைங்க."

"ஒருத்திக்குப் போட்டா நூத்திப் பத்துப் பேருக்கும் போடணும்."

"நல்லாப் பாருங்க. அட்டைக்கு நாப்பதும் போச்சு. மிச்சம் அறுபதுல அம்பத்தேழு வாங்கியிருக்கா. உங்க வகுப்புல வேற எவன் வாங்கினான்?"

லெனோராவுக்கு ஒரு நிமிஷம் மனசு ஆடியது. நிஜமாகவே ஆடியது. ஆனால் பல் டாக்டர் மகளுக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் யாரோ ஒருவர் கதவைச் சாத்திவிட்டு வந்து பேசியிருப்பார் என்று தோன்றியது. "விதி விதிதான், பர்டி" என்றாள். அன்றைக்கு மத்தியானமே மார்க்குகளைக் கணினியில் ஏற்றினாள்.

பள்ளி கோடைக்கு மூடி இரண்டு வாரம் கழித்துப் புத்தகக் கணக்கெடுப்பு. திரும்பி வந்த நாவல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கிழிசல் இருக்கிறதா, கிறுக்கல் இருக்கிறதா என்று பார்த்து அலமாரியில் அடுக்க வேண்டும். கோழிக்கறி எண்ணெய், காய்ந்த சூயிங்கம், யாரோ யாரையோ காதலிப்பதாக ஒரு சத்தியம் என்று வழக்கமான சரக்குகள் வந்தன. நாற்பத்தோராம் எண் புத்தகத்தைத் திறந்ததும் உள்ளேயிருந்து காகிதத் துண்டுகள் மேஜையில் கொட்டின.

ரொட்டி உறையில் கிழித்தது, கடை ரசீதின் முதுகு, பள்ளி நாப்கின். எல்லாவற்றிலும் டெஸ்ஸியின் பொடி எழுத்து. புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது பதினான்காவது விதி. அதனால் புத்தகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் துண்டு மட்டும் செருகியிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் தன் வகுப்பில் ஒரு நாவலை இப்படிப் படித்த பிள்ளையை லெனோரா பார்த்ததில்லை. நின்றபடியே ஒவ்வொன்றாகப் படித்தாள்.

பண்ணை வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் நடந்து போய்விடும் கதை அது. அவள் திரும்பி வருவாளா என்பதுதான் கடைசிக் கட்டுரைக் கேள்வி. வகுப்பே வருவாள் என்றது. டெஸ்ஸி ஒருத்திதான் வர மாட்டாள் என்று எழுதியிருந்தாள். 'ஆதாரம் எங்கே?' என்று சிவப்பு மையில் கேட்டு லெனோரா மூன்று மார்க் குறைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் இருந்த ரசீதில் அதற்குப் பதில் இருந்தது. 'ஆதாரம் கேட்கிறார்கள். கதவைச் சாத்தாமல் போன அம்மா திரும்பி வர மாட்டாள். செப்டம்பரிலிருந்து எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கதவை எப்படி ஆதாரமாகக் காட்டுவது?'

லெனோரா மற்ற துண்டுகளை மேஜையிலேயே விட்டாள். பிறகு அந்த ரசீதோடு பர்டியின் அறைக்கு ஓடினாள்.

அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்ககிட்ட யாரும் சொல்லலையா? ஃபெயிலான பிள்ளை வீட்டுக்குக் கடிதம் போகும்ல. பத்து நாளா பதில் இல்லை. முறைப்படி நான்தான் வீட்டுக்குப் போனேன். அம்மா போயி ஒம்பது மாசமாச்சு. இவளும் ஏழு வயசுத் தங்கச்சியும் மட்டும்தான் இருந்திருக்காங்க. பார்த்துட்டு நான் சும்மா இருக்க முடியாது, லெனோரா. சொல்ல வேண்டிய இடத்துல சொன்னேன். செவ்வாய்க்கிழமை குழந்தைகள் நல அலுவலகத்துல இருந்து வந்தாங்க."

"மார்க்கை மாத்துறேன். இப்பவே மாத்துறேன்."

"கணக்கு மூடியாச்சு. நர்சிங் இடத்தையும் வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க."

பர்டி சொன்ன பெட்ரோல் பங்கின் உள்ளே கோழிக்கறி விற்கும் மேடைக்குப் பின்னால் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு டெஸ்ஸி நின்றிருந்தாள். லெனோராவைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் முதுகை நிமிர்த்தினாள்.

"வாங்க, மிஸஸ் பிக்ஸ். நெஞ்சுக்கறியா, காலா?"

லெனோரா கறியைப் பார்க்கவே இல்லை. "தங்கச்சி எங்கே?" என்றாள்.

"லிண்டியா? பக்கத்து மாவட்டத்துல ஒரு வீட்டுல விட்டிருக்காங்க. என்னை இங்க சர்ச்சுக்காரங்க வீட்டுல வெச்சிருக்காங்க. ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுக்க யாருக்கும் இடம் இல்லையாம்." இடுக்கியால் ஒரு துண்டைப் புரட்டிப் போட்டாள். "மாசம் ரெண்டு தடவை பார்க்கலாமாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டெஸ்ஸி!"

"சொன்னா நீங்க மேல சொல்லியே ஆகணும்னு பதினேழாவது விதியில போட்டிருக்கீங்களே."

போட்டிருந்தாள். மாணவர் பாதுகாப்பு என்ற தலைப்பில், தடித்த எழுத்தில்.

"எல்லாரும் பஸ்ஸுல அவங்களே கையெழுத்துப் போட்டுக்கறாங்க. அதுவும் எனக்குத் தெரியும். நீயும் கிறுக்கிக் குடுத்திருக்கலாமேடி, பாவி..." என்றாள் லெனோரா. இப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வருமென்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

டெஸ்ஸி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "பொய்க் கையெழுத்துன்னா உடனே ஃபெயில், பெத்தவங்களை நேர்ல கூப்பிடுவோம்னு அஞ்சாவது விதி. கூப்பிட்டா யாரைக் கூட்டிட்டு வர்றது? அதான் கணக்குப் போட்டேன். அட்டை நாப்பதும் போகட்டும், மத்ததுல முழுசா வாங்கினா சரியா அறுபது. தேறிடலாம், கடிதமும் வராதுன்னு நினைச்சேன்." இடுக்கியைக் கீழே வைத்தாள். "மூணுல போச்சு."

"மத்தவங்க யாரும் அதுக்கெல்லாம் பயப்படலையே!"

"அவங்க யாரும் அந்தத் தாளைப் படிக்கலையே, மிஸஸ் பிக்ஸ்."

குத்திக்காட்டிப் பேசவில்லை. பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். பின்னால் நின்றிருந்த லாரி டிரைவர், "அம்மா, வாங்குறீங்களா இல்லையா?" என்றார். லெனோரா ஒதுங்கி வழிவிட்டாள்.

அந்தக் கோடையில் அவள் பர்டி மூலமாக மூன்று அலுவலகங்களுக்கு எழுதினாள். பக்கத்து மாவட்டத்துக்கும் எழுதினாள். தன் வீட்டில் இரண்டு அறை காலியாகக் கிடக்கிறது, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொள்கிறேன் என்றாள். லிண்டிக்கு அந்த வீடு பழகிவிட்டது, மறுபடி இடம் மாற்றுவது விதிமுறைப்படி சரிவராது என்று பதில் வந்தது. கீழே யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்து.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. தாளில் இப்போது ஒரு பக்கம்தான். வாசிப்பு அட்டையே கிடையாது. லெனோரா வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் பார்க்காமலே அதை மடித்துப் பைக்குள் திணித்தார்கள். ஜன்னலோரம் ஒரு பெண் மட்டும், புதுசாக ஊருக்கு வந்தவள், தாளை மேஜையில் நீவி வைத்து, வரிக்கு வரி விரல் ஓட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

லெனோரா தாள் கொடுப்பதைப் பாதியில் விட்டாள். அவளிடம் போய்த் தாளின் மேல் கையை வைத்து மூடினாள்.

"அதைப் படிக்க வேண்டாம்மா" என்றாள். "உள்ளே வெச்சுடு."